இந்துமதி அக்கா தோற்காத தர்க்கம்

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் செல்போன் மூன்று முறை அடித்தது. மூன்று முறையும் இந்துமதி அக்கா இறந்துபோனார், ஒவ்வொரு முறையும் வேறு விதமாக.

முதலில் அருப்புக்கோட்டை ஆர்மோனியக்காரர். "அண்ணே, பரண் மேல நின்னு கிளி விரட்டிப் பாடிக்கிட்டு இருக்கையிலேயே சாஞ்சுட்டாகளாம்." பட்டப்பகலில் எந்த ஊரில் நாடகம் நடக்கிறது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. அடுத்து ஏழாயிரம்பண்ணையிலிருந்து ஒருவர்: "சாமி புறப்பாட்டுக்கு விட்ட வாணம் சேலையில விழுந்துருச்சாம். அப்பவும் பாட்டை முடிச்சுட்டுத்தான் இறங்குனாகளாம்." மூன்றாவது ஆமத்தூர் விழாக் கமிட்டிக்காரர். "நாரதரே, நீங்க போன மாசம் எங்க ஊர்ல கேட்ட கேள்விதான் அவுகள முடிச்சிருச்சு. பதில் சொல்ல முடியலையேன்னு அன்னையிலருந்து சோறு தண்ணி இல்லையாம்ல."

நாடக மேடை பார்க்காத வாசகர்களுக்காகச் சொல்கிறேன். நாங்கள் ஸ்பெஷல் நாடகக்காரர்கள். வள்ளி திருமணத்தில் இருபது வருஷம் அவர் வள்ளி, நான் நாரதர். எங்களுக்கு ஒத்திகை கிடையாது. அவர் ஓர் ஊரிலிருந்து வருவார், நான் ஓர் ஊரிலிருந்து போவேன், மேடையில்தான் பார்த்துக்கொள்வோம். தினைப்புனத்தில் காவல் நிற்கும் வள்ளியிடம் நாரதர் முருகன் புகழைச் சொல்ல வருவார். அங்கே இருவருக்கும் தர்க்கம் மூளும். யார் என்ன கேட்பார் என்று மற்றவருக்குத் தெரியாது. இதைவிடப் பரபரப்பான தொழில் உலகத்தில் உண்டா என்ன?

முதல் மேடையிலேயே என்னைக் கவிழ்த்தார். நான் புராணத்தையெல்லாம் கரைத்துக் குடித்த திமிரில், "பெண்ணே, இந்தப் புனத்துக்கு இதுவரை எத்தனை கிளி வந்தது?" என்று கேட்டேன். அவர் கவணைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "எண்ணவில்லை சுவாமி. ஒன்று மட்டும் வராமல் இருந்தது, அதுவும் இப்போது வந்துவிட்டது." பட்டாசுக் கம்பெனி ஆட்கள் முன்னால் உட்கார்ந்து அடித்த விசிலில் என் தம்பூரா எனக்கே கேட்கவில்லை. எனக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. அன்றிலிருந்து அவர் பெயர் இருக்கிற நோட்டீஸ் என்றால் தூரம் பார்க்காமல் ஒத்துக்கொள்வேன்.

மேடைக்குக் கீழே அவர் குரலே உயராது. என் பவுடர் டப்பா தீர்ந்தால் தன்னுடையதைத் தள்ளிவிடுவார். "மேல நல்லாச் சண்டை போடணும்னா கீள சண்டை இருக்கக் கூடாது தம்பி" என்பார்.

செய்தி கேட்டு மல்லாங்கிணற்றுக்கு ஓடினேன். வாசலில் கூடியிருந்தவர்களிடம் இன்னும் இரண்டு கதைகள் கிடைத்தன. அவர் மகள் பேச்சி ஏழாயிரம்பண்ணையில் பட்டாசு வேலைக்குப் போகிற பெண். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தாள். "மாமா, இன்னைக்குக் கம்பெனி லீவு. நான் பக்கத்துலதான் இருந்தேன். கடலை உரிச்சுக்கிட்டு இருந்தாக. முதுகு வலிக்குதுன்னு பாயில சாஞ்சாக, அம்புட்டுத்தான். எங்கம்மா சாதாரணமாச் செத்தாகன்னு சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்டேங்கிறாக."

நான் நம்பினேன். ஆனால் ஆமத்தூர்க் கதையை மறுத்து யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தக் கதை எனக்கு இனித்தது. எங்கள் நோட்டீஸில் பட்டம் இல்லாமல் யார் பெயரையும் அச்சடிக்க மாட்டார்கள். அடுத்த நாடகத்துக்குச் சிவகாசி அச்சகத்தில் என் பெயருக்கு முன்னால் 'இந்துமதியை வென்ற நாரதர்' என்று போட்டுப் பிழை பார்க்கக் கொடுத்தார்கள். நான் நாலு முறை படித்தேன். பிழை இல்லை என்று திருப்பிக் கொடுத்தேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனபோது பேச்சி அந்த நோட்டீஸை என் முன்னால் விரித்தாள். கம்பெனி வேனில் யாரோ கொடுத்ததாம். "மாமா, இது நெசமா? அம்மா உங்ககிட்ட தோத்துட்டாகளா?"

அவளிடம் சொன்னதை உங்கள் எல்லோரிடமும் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆமத்தூரில் கடைசிக் கேள்வியைக் கேட்டது நான் இல்லை, அவர். "நாரதரே, ஊர் ஊராகப் போய் ஒருவர் சொன்னதை மற்றவரிடம் சொல்கிறீர். வழியில் ஒரு பொய் கூடிவிட்டால், அந்தப் பாவம் சொன்னவருக்கா, கேட்டவருக்கா?" எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. முன்வரிசையில் என் மகளைப் பெண் பார்த்துவிட்டுப் போன வீட்டார் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா அவர்களை ஒரு பார்வை பார்த்தார், என்னைப் பார்த்தார். சட்டென்று கைகூப்பி, "சுவாமி, தங்கள் மௌனத்தின் பொருள் விளங்கியது" என்று ஆர்மோனியத்துக்குக் கண்காட்டிப் பாட்டை எடுத்துவிட்டார். வள்ளி வாயடைத்துப் போனாள் என்று ஊர் கைதட்டியது. என் மகள் கல்யாணமும் நிச்சயமானது. அன்றைக்கு மேடையை விட்டு இறங்கி, "ஏங்க்கா இப்படிச் செஞ்சீக?" என்றேன். "நாளைக்கும் தர்க்கம் இருக்குல்ல தம்பி" என்றார்.

பேச்சி நோட்டீஸை மடித்து என் கையில் கொடுத்தாள். "இத ஏன் மாமா இம்புட்டு நாளா சொல்லலை?" என்று மட்டும் கேட்டாள். அங்கேயே எனக்குப் பதில் கிடைத்துவிட்டது அக்கா. அந்தப் பாவம் சொன்னவருக்கும் இல்லை, கேட்டவருக்கும் இல்லை. தெரிந்தும் சும்மா இருந்தவனுக்கு.

மறுநாள் காலையில் முதல் பஸ்ஸில் சிவகாசி போய் இறங்கினேன். இனி என் பெயருக்கு முன்னால் 'இந்துமதியிடம் தோற்ற நாரதர்' என்று போடச் சொன்னேன். அச்சகத்துக்காரர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "என்ன அண்ணாச்சி, பட்டம்னா ஆளை ஒசத்துறதுக்குத்தானே போடுறது?"

"ஒசத்தித்தான் போடச் சொல்லுதேன்" என்றேன். இருபது வருஷத்தில் அவரிடம் நான் வாங்கிய தோல்விகளில் அது ஒன்றைத்தான் அவர் ஊருக்குத் தெரியாமல் மறைத்தார். அதை நான் பட்டமாக வைத்துக்கொள்கிறேன்.