வலமாகச் சுற்றிய சிலுவைப்பாதை

போன சனிக்கிழமை கம்பளையில் ஒரு மாதா கோயிலுக்குப் போனேன். சாமி கும்பிட அல்ல… மகளுக்கு மாப்பிள்ளை கேட்க.

மகளுக்குச் சம்மதம். பையனுக்கும் சம்மதம். பையனின் அம்மா பிலோமினா டீச்சர் மட்டும், "பொண்ணோட அப்பாவைப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்றாராம். நானோ ஆளைக் கண்டாலே கூச்சப்படுகிறவன். கிளம்பும்போது மனைவி சொன்னாள்: "அங்க போயும் தூணு மாதிரி நிக்காதீங்க. நாலு வார்த்தை பேசுங்க."

பீடத்துக்கு வலப்பக்கம் இருந்த கதவால் நுழைந்தேன். டீச்சர் பூ வைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க. முடிச்சிட்டு வந்திர்றேன். படங்களைப் பாத்துக்கிட்டிருங்க."

பேச்சு தள்ளிப்போனதில் எனக்கு நிம்மதி. சுவரெல்லாம் வெள்ளைக்காரர் காலத்தில் கப்பலில் வந்த படங்கள். கீழே ஆங்கிலம். நான் படித்ததோ ஐந்தாம் வகுப்பு. கோயில் என்றால் வலமாகத்தானே சுற்றுவோம்? சுற்றினேன்.

முதலில் கல்லறை. இயேசு உயிர்த்தெழுந்தார் என்று கேள்விப்பட்டிருக்கிறேன் — அந்தக் கதை போலும். பிறகு அம்மா மடியில் கிடக்கிறார். பிறகு சிலுவை… கொஞ்சம் குழம்பினேன். நல்லவேளை, அடுத்த படத்தில் ஒருவர் சுத்தியலோடு ஆணியைக் கழற்றுகிறார். அப்புறம் உடுப்பைக் கொடுக்கிறார்கள். விழுந்து எழுந்து நடக்கிறார். அம்மாவைச் சந்திக்கிறார். தோளிலிருந்து சிலுவையை இறக்குகிறார்கள். கடைசியில் ஒரு பெரிய அதிகாரி கை கழுவுகிறார்.

"எப்பிடி இருக்கு?" என்றார் டீச்சர்.

துணிந்தேன். "நல்ல முடிவுங்க. ரொம்பக் கஷ்டப்பட்டாரு… ஆனா கடைசியில பாரத்தை எறக்கி விட்டுட்டாங்க. அதிகாரியும் கை கழுவிட்டாரு. சாப்பிடப் போறாங்க போல."

டீச்சர் பூவும் கையுமாக நின்றார்.

"அது மரணத் தீர்ப்பு சொல்ற எடம். சிலுவைப்பாதையை அங்கருந்துதான் தொடங்கணும். நீங்க தலைகீழாச் சுத்திட்டீங்க."

மகளின் கல்யாணத்தையும் அந்தக் கல்லறையிலேயே வைத்து மூடிவிட்டேன் என்று நினைத்தேன்.

"மன்னிச்சிருங்க டீச்சர்."

அவர் பூவைக் கீழே வைத்தார். கல்லறைப் படத்திலிருந்து நான் நடந்த வழியே மெதுவாக நடந்தார். அம்மாவைச் சந்திக்கும் படத்தருகே கொஞ்சம் அதிகமாகவே நின்றார்.

"சின்ன வயசிலருந்து ஒவ்வொரு தவக்காலமும் இதைச் சுத்துறேன். எப்பவும் கல்லறையிலதான் முடிப்போம். ஒரு தடவைகூட இவரை வீட்டுக்கு அனுப்பி வச்சதில்ல" என்றார்.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, குழாய் இருக்கும் பக்கத்தைக் காட்டினார்.

"கை கழுவிட்டு வாங்க சம்பந்தி. வீட்டுல சாப்பிட்டுட்டுப் போகலாம்."

என்ன பேசினீர்கள் என்று மனைவி கேட்டாள். நாலு வார்த்தை என்றேன். நாலும் தப்பு என்பதை உங்களிடம் மட்டும்தான் சொல்கிறேன்.