அலைச்சத்தத்துக்குப் போட்ட ஒன்பது மார்க்

மூன்று வருடங்களுக்கு முன்பு கருங்கல் என்ற ஊரில் ஒரு வீடியோ ஸ்டுடியோவில் எடிட்டிங் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணம், ஞானஸ்நானம், நினைவு நாள், எதுவானாலும் பின்னணி இசையைத் தேர்ந்தெடுப்பது நான்தான். அப்போது புதிதாக ஒருத்தி வேலைக்குச் சேர்ந்தாள். ஆறே மாதத்தில் முதலாளி எதற்கெடுத்தாலும் அவளிடமும் ஒரு தடவை கேட்கச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். எனக்கு வயிறு எரிந்தது. அவள் கொண்டுவரும் மீன்குழம்பு ருசியாக இருந்தால்கூட எரிந்தது.

அந்தச் சமயத்தில் இனயம் என்ற கடற்கரை ஊரிலிருந்து ஓர் அம்மா வந்தார். மகன் கடலில் இறந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. சர்ச்சில் நினைவுத் திருப்பலி முடிந்து வீட்டில் போட்டுக் காட்ட, அவன் படங்களை வைத்து ஒரு வீடியோ வேண்டும். பாட்டு வேண்டாம், மனசுக்கு அமைதியாக ஓர் இசை போதும் என்றார்.

நானும் அவளும் ஆளுக்கொன்று எடுத்தோம். முதலாளியும் சேர்ந்து மூன்று பேரும் பத்துக்கு மார்க் போடுவது எங்கள் வழக்கம். என்னுடையது புல்லாங்குழல், அடியில் மெல்லிய அலைச்சத்தம். அவளுடையது வெறும் கிட்டார். முடிந்ததும் இன்னொரு தடவை போடச் சொல்லி நானே கேட்டேன். அதனாலேயே மூன்று மார்க் போட்டேன். என்னுடையதற்கு ஒன்பது.

அவள் தயங்கித் தயங்கி, "அந்த அலைச்சத்தம் வேண்டாம்னு தோணுதுக்கா" என்றாள். பொறாமையில் பேசுகிறாள் என்று நினைத்தேன். எனக்கு மலையோர ஊர். கடல் என்றால் லீவு நாளில் கால் நனைக்கிற இடம்.

"கடப்பொறத்து ஆளுவளுக்கு அலை பிடிக்காமலா போவும்?" என்று அவள் வாயை அடைத்தேன். மார்க்கைக் கூட்டியதில் நான் ஜெயித்தேன். புல்லாங்குழல் நன்றாக இருக்கிறதென்று அவளே எனக்கு ஏழு போட்டிருந்தாள்.

வீடியோவைப் பார்க்க அந்த அம்மா வந்தார். மகனின் சின்ன வயசுப் படத்தைப் பார்த்துச் சிரித்தார். அலைச்சத்தம் எழும்பியதும் சேலைத் தலைப்பால் காதைப் பொத்திக்கொண்டார்.

"மக்களே, அந்தச் சத்தத்த மட்டும் எடுத்திரு. வீட்டுல அதத்தான கேட்டுட்டு கெடக்கேன்" என்றார் என்னிடம்.

நான் வீடியோவை நிறுத்தினேன். அவள்தான் எழுந்து வந்து கிட்டாரைப் போட்டாள். அம்மா கடைசிவரை பார்த்தார். போகும்போது அவள் நெற்றியில் சிலுவை வரைந்துவிட்டுப் போனார். அந்த நிமிஷத்திலும் எனக்கு அழுகையோடு பொறாமையும் வந்தது, மறைப்பானேன்.

அவள் ஒரு வார்த்தைகூடக் குத்திக்காட்டவில்லை. காட்டியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

இப்போது நாகர்கோவிலில் வேறு ஸ்டுடியோவில் இருக்கிறேன். அவள் காதின் மேல் இன்றும் எனக்குப் பொறாமைதான். ஆனால் எந்த இசையை எடுத்தாலும், ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு, இதை எந்த வீட்டில் உட்கார்ந்து கேட்கப்போகிறார்கள் என்று ஒரு தடவை யோசிக்கிறேன். அன்று அவளுக்குப் போட்ட மூன்று மார்க் மட்டும் திருத்த வழியில்லாமல் மனசில் அப்படியே கிடக்கிறது.