ஒரு தலையாட்டல்

வெள்ளைக்காரன் காலம். விமானம் ஓட்டப் பழகிய கையோடு, எனக்கு நாமக்கல் பக்கம் ஒரு மேட்டுநிலத்தில் மக்களை ஏற்றி வானத்தைச் சுற்றிக் காட்டும் வேலை கிடைத்தது. எதற்காவது தயங்கினால், "முடியாதுன்னா வேற ஆளு பாத்துக்குவேன்" என்பார் முதலாளி.

அன்று அந்த மேட்டின் எதிர்க்கோடியில் இருந்த களத்தில் சோளம் தூற்றிக்கொண்டிருந்தவர் ஓடிவந்தார்.

"காத்து திரும்பிருச்சுங்க சாமி. தூசியெல்லாம் எம்மேலயே வருது. எங்க களத்துப் பக்கமிருந்து கெளப்புங்க."

உண்மைதான், விமானத்தை எதிர்காற்றில்தான் கிளப்ப வேண்டும்; காற்று திரும்பியதால் இனி களத்துப் பக்கமிருந்துதான். தலையாட்டினேன். அவர் நிம்மதியாகத் திரும்பிப் போனார்.

"அவ்வளவு தூரம் உருட்டீட்டுப் போக நேரமில்ல. இங்கிருந்தே கெளப்பு" என்றார் முதலாளி.

கிளப்பினேன். பின்காற்றில் எழும்பத் திணறிக்கொண்டே விமானம் களத்தை நெருங்கியது. அங்கிருந்து கிளப்ப விமானத்தைத் திருப்பத்தான் வருகிறேன் என்று நம்பி, அவர் முறத்தோடு அசையாமல் நின்றார். சக்கரம் அவரை அடித்துவிட்டுத்தான் மேலேறியது. அவர் பிழைக்கவில்லை.

விசாரணையில், முதலாளி இங்கிருந்தே கிளப்பச் சொன்னதைச் சொன்னேன். நான் தலையாட்டியதை இன்றுதான் சொல்கிறேன்.