ஹாட்பாக்ஸ் மூடி

எங்கள் வீட்டு ஹாட்பாக்ஸின் மூடியை அழுத்தித் திருகினால்தான் உட்காரும். உட்காரும்போது ‘டப்’பென்று ஒரு சத்தம் கேட்கும். மகள் மெல்போர்னுக்குப் படிக்கக் கிளம்புவதற்கு முன் சகலை மதுரைக்கு வந்து எங்கள் வீட்டில் சாப்பிட்டது அதிலிருந்துதான். என் மனைவியின் பெரியம்மா மகளைக் கட்டியவர் அவர். சொந்த ஊர் வாடிப்பட்டி. மெல்போர்னில் வீடு வாங்கி ரொம்ப வருடமாகிறது. அதை அவரே சாப்பாட்டுக்கு நடுவில் பலமுறை சொல்லிவிட்டார்.

“போதும் சகல, வயித்துல எடமே இல்ல” என்று தட்டின் மேல் கையை விரித்தார். விரல் இடுக்கு வழியாகவே இடியாப்பத்தை வைத்தேன். எங்கள் பக்கம் முதல் ‘வேண்டாம்’ மரியாதைக்கு. வைக்கிறவர் விடமாட்டார் என்ற நம்பிக்கையில் சொல்வது. அவரும் வைத்ததையெல்லாம் சாப்பிட்டார், குழம்பில் இருந்த நல்லி எலும்பை உறிஞ்சினார். கை கழுவிவிட்டு வந்து, “புள்ளைய எதுக்கு ஹாஸ்டல்ல விடுறீக? நம்ம வீட்ல இருக்கட்டும். தங்க, சாப்பாடு எல்லாத்துக்கும் சேத்து மாசாமாசம் குடுத்துருங்க” என்றார். சொந்தக்காரர் வீடு என்று நாங்களும் நிம்மதியடைந்தோம்.

விமான நிலையத்தில் என் மனைவி மகளிடம் சொன்ன கடைசிப் புத்தி இதுதான்: “போற எடத்துல கேட்டவொடனே தட்ட நீட்டாத. சோத்துக்கு அலையுதுன்னு நெனப்பாக.”

அவள் நீட்டவில்லை. போய் இறங்கிய அன்று, “சாப்பிடுறியாம்மா?” என்று சகலை கேட்டிருக்கிறார். “வேணாம் பெரியப்பா” என்றிருக்கிறாள். “ஓகே” என்று அவர், எங்கள் வீட்டில் இருப்பது போன்ற ஹாட்பாக்ஸை மூடிவிட்டார். மறுநாளும் அதே கேள்வி, அதே பதில், அதே மூடி. வீடியோவில் அவள் தன் அறையை எங்களுக்குச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தபோது பின்னால் அந்த ‘டப்’ கேட்டது. சாப்பாடு நடக்கிறது என்று நான் சந்தோஷப்பட்டேன். பகலில் வெளியே வாங்கிய ரொட்டியையும் குழாய்த் தண்ணீரையும் வைத்தே அவள் ஓட்டிக்கொண்டிருந்தாள். அது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

அந்த வாரமே பஸ் ஸ்டாப்பில் மயங்கி விழுந்தாள். அவள் போனிலிருந்து யாரோ ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி கூப்பிட்டு, நிதானமாக, எனக்குப் புரியும்படி சொன்னார். தன் கையிலிருந்த வாழைப்பழத்தை அவளுக்குக் கொடுத்தாராம். அவர் கேட்காமலே கொடுத்தார். அதன்பின் போன் மணியை மாற்றிவிட்டேன்.

சகலையைக் கூப்பிட்டேன். “நான் என்ன சகல செய்யட்டும்? கேட்டேன், வேணாம்னுச்சு. இங்கெல்லாம் ஒருத்தர் வேணாம்னா அத மதிக்கணும். அதான் இங்க கல்ச்சர்” என்றார், பாடம் நடத்தும் குரலில்.

அந்த ஊரில் பிறந்தவர் இதைச் சொல்லியிருந்தால் கையெடுத்துக் கும்பிட்டு ஒப்புக்கொண்டிருப்பேன். வாடிப்பட்டியில் வளர்ந்த இந்த மனிதருக்கு ஒரு பிள்ளையின் ‘வேணாம்’ எதைக் கேட்கிறது என்று தெரியாதா? பரிமாறும் வழக்கத்தைக் கடலில் போட்டுவிட்டு, சாப்பிடும் வழக்கத்தை மட்டும் பத்திரமாகக் கொண்டுபோயிருக்கிறார். என் மனைவி கொடுத்தனுப்பிய பருப்புப் பொடிக்கும் சீடைக்கும் அந்த வீட்டில் ஒருவரும் மரியாதைக்குக்கூட ஒரு ‘வேண்டாம்’ சொல்லவில்லையாம்.

மகள் இப்போது தோழிகளோடு வேறு வீட்டில் இருக்கிறாள். இந்த மாசியில் குலசாமி கும்பிட வந்த சகலை எங்கள் வீட்டிலும் கால் வைத்தார். அதே நாற்காலி, அதே இடியாப்பம். முதலில் வைத்ததைச் சாப்பிட்டு முடித்ததும் வழக்கம்போல, “போதும் சகல” என்றார்.

மூடியை அழுத்தித் திருகினேன். ‘டப்.’

“என்னங்க இது?” என்று என் மனைவி அடிக்குரலில் கேட்டாள்.

“வேணாம்கிறாருல்ல. மதிக்கணும்ல?” என்றேன்.

சகலை எழுந்திருக்கவில்லை. காய்ந்துகொண்டிருந்த விரல்களோடு மூடியையே பார்த்தபடி இருந்தார். அப்போது போன் அடித்தது. மகள்தான். “அப்பா, பெரியப்பா வந்திருக்காகளாமே, சாப்டாகளா? வேணாம்பாக. நீங்க பாட்டுக்கு வைங்க” என்றாள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் அது அவர் காதிலும் விழுந்தது.

மூடியைத் திறந்தேன். ஆவி இன்னும் இருந்தது. அள்ளி வைக்க வைக்க, “போதும் போதும்” என்றார். இந்த முறை தட்டின் மேல் கை மட்டும் வரவில்லை.