தூளி கட்ட ஓர் இடம்

தம்பி பிறந்து ஏழு மாதம் ஆகியிருந்த சமயம், எங்கள் வீட்டில் யாருக்கு எது வேண்டுமென்றாலும் அவன் பெயரில்தான் கேட்டோம். அப்பாவுக்குத் தோசை சாப்பிட ஆசை வந்தால், "தம்பி வேடிக்கை பாப்பான், ரெண்டு தோசை ஊத்தேன்" என்பார். அப்பாவின் ஆபீஸ் போனை அம்மா நிறுத்த நினைத்தால், "தம்பி முழிச்சுக்குவான்" என்பாள். நான் மட்டும் இளைத்தவளா? ப்ராக்கலி வாசனைக்குத் தம்பி தும்முகிறான் என்று சொல்லி இரண்டு வாரம் அதைத் தட்டிலிருந்து ஒதுக்கி வைத்திருந்தேன். அவனோ பால், தூளி இரண்டையும் தவிர உலகத்தில் எதைப் பற்றியும் கருத்துச் சொல்லாதவன்.

அந்த மே மாதக் கடைசியில் மூன்று நாள் விடுமுறை வந்தது. நாங்கள் அமெரிக்காவில், எடிசன் என்ற ஊரில், ஓர் அபார்ட்மென்டின் தரைத் தளத்தில் இருந்தோம். எனக்கு எட்டு வயது. தம்பி வந்ததிலிருந்து எங்கேயும் போகவில்லை என்பதால், வடக்கே மலைப்பக்கம் ஓர் ஏரிக்கரைக்குப் போய் இரண்டு இரவு தங்குவதாக முடிவானது. அதுவரை ஒரு சண்டையும் இல்லை. எதில் தங்குவது என்று வந்தபோதுதான் வீடு இரண்டாகப் பிரிந்தது. அப்பா டென்ட் என்றார். அம்மா ஆர்.வி. என்றாள். அடுப்பு, கழிப்பறை, கட்டில் எல்லாம் உள்ளேயே வைத்து, பஸ் போல நீளமாக இருக்குமே, அந்த வாடகை வண்டி.

"ஏங்க, ரெண்டு மணிக்கு எழுந்து அவனுக்குப் பால் கலக்கணும். டென்ட்ல வெந்நீர் எங்கேருந்து வரும்? உங்க என்.சி.சி.லேருந்து வருமா?" என்றாள் அம்மா.

அப்பா கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தவர். நாலு மரத்தைச் சேர்ந்தாற்போல் பார்த்தால் போதும், அவருக்குத் தோள் விரிந்துவிடும். "ஃப்ளாஸ்க் எதுக்கு இருக்கு? குழந்தைக்கு ஃப்ரெஷ் ஏர் வேணும். அந்தப் பொட்டிக்குள்ள அடைச்சு வைக்கறதுக்கு இங்கயே இருந்துடலாம்" என்றார்.

நான் அப்பா கட்சி. எனக்குத் தமிழ் நன்றாகப் புரியும், பதில்தான் ஆங்கிலத்தில் வரும். "பேபீஸ் நீட் நேச்சர்" என்று பள்ளிக்கூடத்தில் எங்கோ கேட்டதை அடித்துவிட்டேன். அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

உண்மைக் காரணம் வேறு. தம்பி வரும்வரை நான் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில்தான் படுத்துத் தூங்கினேன். அம்மா என் காது மடலைத் தடவிக்கொண்டே இருப்பாள், அப்படியே கண் சொருகிவிடும். என் வகுப்பில் எல்லாரும் மூன்று வயதிலிருந்தே தனி அறையில் தூங்குகிறவர்கள் என்பதால் இதை நான் வெளியே மூச்சு விட்டதில்லை. தம்பியை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவருவதற்கு முந்தைய வாரம் எனக்கு ஓர் அறையைக் கத்தரிப்பூ நிறத்தில் பெயின்ட் அடித்துக் கொடுத்து, "நீ இப்போ பெரிய பொண்ணு" என்றார்கள். பிரமோஷன் என்று அப்பா கை குலுக்கினார். எனக்கு அது வீட்டைவிட்டுத் துரத்தியது போலத்தான் இருந்தது. டென்டுக்குள் அறை கிடையாது, கதவு கிடையாது. நாலு பேரும் ஒரே வரிசையில்தான் படுத்தாக வேண்டும். எனக்கு அம்மாவின் பக்கத்து இடம் வேண்டும். அவ்வளவுதான். அதை வாய்விட்டுக் கேட்டால் பெரிய பொண்ணு பட்டம் போய்விடும் என்று தம்பியின் பெயரில் கேட்டேன்.

இதற்கிடையில் தூளி வந்து குறுக்கே நின்றது. தம்பிக்கு நல்ல மரக்கட்டில் ஒன்று இருந்தது. அதில் துவைத்த துணிகள்தான் தூங்கின. அவன் அம்மாவின் பழைய நூல் புடவையில் கட்டிய தூளியில் மட்டுமே தூங்குவான். தொப்பையைக் குறைக்கத் தொங்கிப் பயிற்சி செய்வதாகச் சொல்லி அப்பா படுக்கையறை வாசலில் ஒரு கம்பி மாட்டியிருந்தார். அதில் அவர் இரண்டே நாள்தான் தொங்கினார். அதன் பிறகு தம்பிதான் தொங்கினான். அந்தத் தூளி இல்லாமல் அவனை எங்கே கொண்டுபோனாலும் விடிய விடியக் கச்சேரிதான்.

ஆகவே அம்மா ஒரே போடாகப் போட்டாள். "வெந்நீரும் வேணாம், ஃப்ரெஷ் ஏரும் வேணாம். தூளி எங்க கட்ட முடியுமோ அங்க போலாம்."

விடுமுறைக்கு ஒரு வாரம் முன்பே, சனிக்கிழமையன்று வண்டி வாடகைக்கு விடும் இடத்துக்குப் போனோம். வெள்ளை மீசை வைத்த ஒருவர் ஒரு வண்டியைத் திறந்து காட்டினார். அம்மா அடுப்பைப் பார்க்கிறாள், அப்பாவோ நிமிர்ந்து கூரையையே பார்க்கிறார். திடீரென்று மேலே ஒரு விளிம்பைப் பிடித்துக்கொண்டு இரண்டு காலையும் மடக்கித் தொங்கினார். மீசைக்காரர் பதறிப்போய், "சார், நீங்க என்ன செய்யப் பாக்கறீங்க?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். குழந்தையைப் புடவையில் போட்டுத் தொங்கவிட வேண்டும் என்று அப்பா விளக்கினார். அது அவருக்கு மேலும் கலவரத்தைத்தான் கொடுத்தது. கூரையில் எதுவும் மாட்டக் கூடாது, ஆனால் ஓட்டுநர் இருக்கைக்கு மேலே இருக்கும் பரண் கட்டிலின் சட்டம் வலுவானது, வண்டி நிற்கும்போது அதில் கட்டிக்கொள்ளலாம் என்றார்.

அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. சின்ன ஏணியில் ஏறி அந்தப் பரண் கட்டிலில் படுத்தே பார்த்துவிட்டாள். அங்கே கையகல ஜன்னல் ஒன்று இருந்தது. "கண்ணா, ஏறி வா. வந்து படுத்துப் பாரு" என்று என்னைக் கூப்பிட்டாள்.

மீசைக்காரர் என்னைப் பார்த்துக் கண் சிமிட்டி, பிள்ளைகளுக்கு இந்த இடம்தான் ரொம்பப் பிடிக்கும் என்றார். ஓஹோ, கத்தரிப்பூ அறை போதாதென்று என்னை இங்கே ஏற்றிவிடப் போகிறார்கள்! மாட்டேன் என்று கதவோரமே நின்றுகொண்டேன். அம்மா இன்னொரு தடவை கூப்பிட்டாள். நான் அசையவில்லை. அவள் கொஞ்ச நேரம் தனியாகவே படுத்திருந்துவிட்டு இறங்கி வந்தாள்.

பிறகு அப்பாவை வண்டியைக் காலி மைதானத்தில் ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கச் சொன்னார்கள். என்.சி.சி. வீரர் ஸ்டியரிங்கைப் பிடித்தபோது அவர் கழுத்தில் வியர்வை வழிந்ததை நான் பார்த்தேன். ஒரு திருப்பத்தில் ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் கூம்பு ஒன்று சக்கரத்துக்கு அடியில் போய் அப்பளமானது. இறங்கியதும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "இவ்ளோ பெரிய வண்டில வளைஞ்சு வளைஞ்சு போனா தம்பிக்கு வாந்தி வரும்." பாவம் தம்பி, அவன் காரில் தூங்கிக்கொண்டிருந்தான்.

திங்கட்கிழமைவரை வண்டியை நமக்காக வைத்திருப்பார்கள் என்று அம்மா சொன்னாள். அதற்குள் டென்டுக்குள் தூளி நிற்கும் என்று அப்பா காட்டிவிட்டால் டென்ட், இல்லையென்றால் ஆர்.வி.

ஞாயிறு காலையில் அப்பா நாலு மரக்கழிகளும் குறுக்குக் கழி ஒன்றும் நைலான் கயிறும் வாங்கி வந்தார். அபார்ட்மென்டின் பின்பக்கப் புல்தரையில் இரண்டு பக்கமும் கழிகளைப் பெருக்கல் குறி போலக் கட்டி, மேலே குறுக்குக் கழியை வைத்து, புடவையைத் தொங்கவிட்டார். முதலிலேயே தம்பியைப் போட அம்மா விடுவாளா? அவன் எடை பதினெட்டு பவுண்டு. வீட்டில் இருபது பவுண்டு பொன்னி அரிசி மூட்டை இருந்தது. அரிசியைத் தூளியில் படுக்கவைத்து அப்பா ஆட்டினார்.

மேல் மாடி ஆன்ட்டி பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்து, "யாருக்குக் கல்யாணம்? பந்தல் போடறாப்ல இருக்கு!" என்று கேட்டார். அப்பா பதில் சொல்ல வாயெடுக்கும்போதே ஒரு பக்கக் கயிறு நழுவி, கழிகள் காலை அகட்டின. அரிசி மூட்டை தொப்பென்று விழுந்தது. அப்பா மறுபடி கட்டினார். இந்தத் தடவை நாலு ஆட்டம் தாங்கியது. ஐந்தாவதில் மூட்டை விழுந்து கிழிந்தே போனது. புல்லெல்லாம் அரிசி. குளத்துப் பக்கம் மேய்ந்துகொண்டிருந்த வாத்துகள் தந்தி அடித்தது போல வரிசையாக வந்து சேர்ந்தன.

ஆன்ட்டி மேலே விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. போச்சு, எல்லாம் போச்சு, பரண்தான் என்று அந்த அரிசிக்கு நடுவிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். இவ்வளவு அழுகை அரிசிக்காகவா என்று அப்பா விழித்தார். "ஒரு டென்டுக்காடா இப்படி அழறே?" என்றார்.

அம்மா கதவருகே தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். அவள் ஜெயித்துவிட்டாள், சிரித்திருக்கலாம். ஆனால் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தம்பியை அப்பா கையில் திணித்தாள். "தள்ளுங்க" என்று சொல்லிப் புல்தரையில் மண்டியிட்டு அப்பாவின் முடிச்சுகளை எல்லாம் அவிழ்த்தாள்.

சென்னைக்குக் கிளம்பும்போது எங்கள் வீட்டு அட்டைப்பெட்டிகளைக் கயிறு போட்டுக் கட்டுவது எப்போதும் அம்மாதான். ஒரு முறை விமான நிலையத்தில் இரண்டு அதிகாரிகள் சேர்ந்தும் அவள் முடிச்சை அவிழ்க்க முடியாமல் அவளையே கூப்பிட்டு அவிழ்க்கச் சொன்னார்கள். அதே கட்டு. காலால் கழியை மிதித்துக்கொண்டு, பல்லைக் கடித்து இழுத்து இழுத்து இறுக்கினாள். அரிசி வாத்துகளுக்குப் போய்விட்டதால் இரண்டு கேலன் பால் கேன்களைத் தூளியில் வைத்தோம். அப்பா ஆட்டினார், நான் ஆட்டினேன். கழிகள் அசையவே இல்லை.

"சரி, டென்ட்" என்றாள் அம்மா கையைத் தட்டிக்கொண்டே. நான் குதித்த குதியில் வாத்துகள் பறந்துவிட்டன. ஆர்.வி. கேட்டவளே எதற்காக டென்டுக்கு முடிச்சுப் போட்டுக் கொடுத்தாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஜெயித்தவர்களுக்கு அதெல்லாம் எங்கே தோன்றும்?

ஏரிக்கரை சும்மா சொல்லக் கூடாது, அவ்வளவு அழகு. அப்பா விசிலடித்துக்கொண்டே டென்ட் போட்டார். என் திட்டத்தில் ஓட்டை இருந்தது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. தூளிக் கழிகள் டென்டில் பாதியை அடைத்துக்கொண்டன. தூளியை ஆட்ட அம்மா அந்தக் கோடியில் படுக்க வேண்டும். ராத்திரி ஃப்ளாஸ்க்கிலிருந்து வெந்நீர் ஊற்றிக் கொடுக்க அவளுக்குப் பக்கத்தில் அப்பா. இந்தக் கோடியில், அப்பாவின் முதுகுக்கும் டென்ட் துணிக்கும் நடுவில் நான். தம்பி பிரமாதமாகத் தூங்கினான். அப்பாவின் குறட்டையை என்னைத் தவிர யாரும் அவ்வளவு கிட்டத்தில் கேட்டிருக்க மாட்டார்கள்.

காலையில் பக்கத்து இடத்திலிருந்து ஒரு குழந்தையின் அழுகை. அங்கே நின்றது ஓர் ஆர்.வி., அம்மா கேட்ட அதே மாதிரி வண்டி. செம்பட்டைத் தாடி வைத்த ஒருவர், பச்சைக் குழந்தையைத் தோளில் போட்டு நடந்துகொண்டிருந்தார். பின்னால் அவர் மனைவி, இரண்டு நாளாகப் பொட்டுத் தூக்கமில்லாத முகம். உள்ளே வெந்நீர், ஏசி, மெத்தை எல்லாம் இருந்தும் குழந்தை தூங்கவே இல்லையாம். அப்பா அம்மாவைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். "ஒண்ணும் பேசாதீங்க" என்றாள் அம்மா.

அவளே போய் அந்தக் குழந்தையை வாங்கிவந்து எங்கள் தூளியில் போட்டாள். தாடிக்காரருக்குப் பயம், பக்கத்திலேயே கையை நீட்டிக்கொண்டு நின்றார். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, அழுகை நின்றது. அவர் புடவைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, கண்ணில் தண்ணீரோடு அப்பாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். அப்பாவோ ஏதோ தானே முடிச்சுப் போட்டது மாதிரி அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

மதியம் தம்பியின் முறை. தூளிக் கயிற்றை அப்பா பிடித்துக்கொண்டார். தாடிக்காரர் புடவை எத்தனை கஜம், எங்கே கிடைக்கும் என்று விசாரித்து எழுதிக்கொண்டிருந்தார். அவர் மனைவி அம்மாவின் கையைப் பிடித்து, அவர்களுடைய ஆர்.வி.யில் போய் இரண்டு மணி நேரம் படுத்துக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லக் கூடாது என்றார். அம்மா வேண்டாம் என்று சொல்லவே இல்லை. இரண்டு அடி நடந்துவிட்டுத் திரும்பி, "வாடி" என்று என்னைக் கூப்பிட்டாள்.

உள்ளே கீழேயே நல்ல மெத்தைக் கட்டில் இருந்தது. அம்மா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பரணில் ஏறி, அங்கிருந்து கையை நீட்டினாள். இந்தத் தடவை நான் பிடித்துக்கொண்டேன். மேலே நிமிர்ந்து உட்காரக்கூட இடமில்லை. இரண்டு பேர் ஒட்டிப் படுத்தால் சரியாக இருந்தது. அம்மா ஒரு காலைத் தூக்கி என்மேல் போட்டுக்கொண்டாள். அவள்மேல் பால் வாசனையும் விறகுப் புகை வாசனையும் அடித்தன. கை தானாக என் காது மடலுக்கு வந்தது. எனக்கு அப்போது இருந்த சந்தோஷத்தை இன்றுவரை வேறு எந்த விடுமுறையும் கொடுத்ததில்லை.

"இதுக்குத்தாண்டி அன்னைக்கு ஏறி வா, ஏறி வான்னு கூப்பிட்டேன்" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. கையகல ஜன்னல் வழியாக ஏரி தெரிந்தது. "இந்த விண்டோக்காகவா?" என்று கேட்டேன்.

அம்மா என் தலைமுடிக்குள் சிரித்தாள். "ஆமா. விண்டோக்காகத்தான்."

நான் அதை அப்படியே நம்பினேன். அன்றைக்கு எனக்கு அதிர்ஷ்டம் அடித்தது, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன். நான் கல்லூரிக்குப் போன பிறகு ஒரு நாள் பேச்சுவாக்கில்தான் அம்மா சொன்னாள். ஆர்.வி. கேட்டபோதே அவள் திட்டம் போட்டு வைத்திருந்தாளாம்: தூளிக் கயிறு அப்பா கையில், அவர் கீழே, நாங்கள் இரண்டு பேரும் மேலே. "பெரிய பொண்ணு, பெரிய பொண்ணுன்னு அப்போ உன்கிட்டயா சொன்னேன்? எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்" என்றாள்.

எட்டு வயதில் எனக்குத் தெரிந்தது என் பக்கத்துச் சோகம் மட்டும்தான். கத்தரிப்பூ அறையில் தூக்கம் வராமல் நான் புரண்ட அத்தனை நாளும், சுவருக்கு அந்தப் பக்கம் அம்மாவும் தன் பக்கத்தில் என்னைத் தேடிக்கொண்டிருந்தாள் என்பது தெரியாது.