கத்திப் பலகை மேல் நசூஹ்

சிரியாவின் அலெப்போ நகரில் நசூஹ் என்ன வேலை செய்கிறார் என்று கேட்டால் "உட்காருகிறார்" என்பார்கள். கேலி இல்லை, நிஜம். ஆலிவ் எண்ணெயைச் சோடாக் காரத்தோடு நாள்கணக்கில் கொதிக்க வைத்து, கடைசியில் லாரல் காயின் எண்ணெய் விட்டுக் கிளறி, சோப்புப் பட்டறையின் தரை முழுக்க ஊற்றுவார்கள். அது இறுகி வரும்போது, அடியில் கத்திகள் பதித்த பலகையை அதன்மேல் இழுத்து வெட்ட வேண்டும். பலகை மேல் ஒரு கனத்த ஆள் உட்கார்ந்தால்தான் கத்தி தரை வரை இறங்கும். அந்தக் கனம் நசூஹ். பாட்டன் முப்பாட்டன் காலத்துக்கும் முந்திய வேலை, அவருக்கு முன்னால் எத்தனை தொப்பைகள் உட்கார்ந்தனவோ!

அவர் மனைவி விதாத்துக்கு அந்தத் தொப்பையில் ஒரே பெருமை. கட்டிப் பிடித்தால் என் ரெண்டு கையும் சேராது என்று பக்கத்து வீட்டுப் பெண்களிடம் வெட்கமில்லாமல் சொல்லிச் சிரிப்பாள்.

நாட்டில் போர் வந்தது, பட்டறைகள் மூடின. ரொட்டிக்கே திண்டாட்டம். "வெளியில சாப்பிட்டுட்டேன், நீ சாப்பிடு" என்று தினமும் தன் பங்கை அவள் பக்கம் தள்ளிவிடுவார் நசூஹ். அவளுக்கு வேறு கவலை. கடையில் கிடைத்த ஏதோ வெள்ளைச் சோப்பு அவள் கையை வெடிக்க வைத்து ரத்தம் கசிய விட்டது. பிறந்த பிள்ளையின் முதல் குளியலுக்கும் போனவர்களின் கடைசிக் குளியலுக்கும் அந்த ஊரில் ஆலிவ் சோப்புதான். அது தோலைக் காயவிடாது, பொடுகையும் அரிப்பையும் அண்டவிடாது என்று அவளுக்கு அப்படி ஒரு நம்பிக்கை. அந்தச் சோப்புக்கு அவள் ஏங்கியதில் தப்பில்லை.

ஒருவழியாக ஜலால் முதலாளி பட்டறையைத் திறந்தார். முதல் கொப்பரைச் சோப்பை ஊற்றியாகிவிட்டது. நசூஹ் சட்டை மேல் சட்டை போட்டு, அதன்மேல் கம்பளிக் கோட்டு, அதன்மேல் அங்கி மாட்டிக்கொண்டு வந்து பலகையில் உட்கார்ந்தார். குளிர் என்று சொல்லி வீட்டிலும் அவர் இந்தக் கோலம்தான். உள்ளே ஆளில்லை, துணிதான் இருந்தது. அது தெரிந்தால் வேலை போய்விடும். ஆயுசு முழுக்க உட்கார்ந்தவருக்கு வேறு என்ன வேலை தெரியும்?

ஜலாலும் கூலியாள் ஹம்மூதும் கயிற்றை இழுத்தார்கள். முதல் வரிசை முடிந்ததும் ஹம்மூத் குனிந்து பார்த்தான்.

"அண்ணே, பாதிக்குத்தான் இறங்கியிருக்கு. அழுத்தி உக்காருங்க. என்ன, அடைகாக்கிற கோழியா நீங்க?"

மறுபடி இழுத்தார்கள். மறுபடியும் பாதிதான். ஜலால் சோப்பில் விரலை அழுத்தினார். விரல் சரியாகப் பதியவில்லை.

"கல்லாயிட்டு வருதுய்யா! சாயங்கால அஸர் பாங்குக்குள்ள வெட்டலைன்னா எல்லாம் உடைஞ்சு தூளாயிடும். இந்த வருஷம் கிடைச்ச எண்ணெய் மொத்தமும் இதுலதான் கிடக்கு."

"நாலு பாறாங்கல்லை வெச்சுடலாமா, முதலாளி?"

"திருப்பத்துல சரிஞ்சு விழுந்து சோப்பைக் குழி பறிச்சிடும். ஆள்தான் வேணும். நாம ரெண்டு பேரும் கயித்தை விட முடியாது. யாரைக் கூப்பிட?"

நசூஹுக்கு அத்தனை துணிக்குள்ளும் குளிர்ந்தது. சிக்கிக்கொண்டோம் என்று தெரிந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து, பருப்பும் சோறும் வெந்த சட்டியோடு விதாத் வாசலில் வந்து நின்றாள். அரைகுறையாக வெட்டிய வரிசைகளைப் பார்த்தாள். சட்டியைக் கீழே வைத்தாள், செருப்பைக் கழற்றினாள்.

"அக்கா, என்ன பண்றீங்க?" ஹம்மூத் பதறினான். "பொம்பளைங்க சோப்புத் தரையில கால் வெச்சதே இல்ல!"

"சோப்பு கல்லானா பரவாயில்லையா உனக்கு? தள்ளு."

"நீ வீட்டுக்குப் போ!" நசூஹ் கத்தினார். அவள்மேல் கோபமில்லை, பயம். "சொன்னாக் கேளு விதாத், கிட்ட வராதே!"

"தடிச்சின்னு கேலி பண்ணுவீங்கல்ல? இன்னிக்காவது என் கனம் உதவட்டும்."

ஜலால் ஜன்னல் வெயிலைப் பார்த்தார், சோப்பைப் பார்த்தார். "ஏறும்மா" என்றார்.

விதாத் சுவரோரமாக வந்து நசூஹின் முதுகுக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். பலகை திடுக்கென்று நகர்ந்தது. விழாமலிருக்க அவர் வயிற்றைக் கட்டிப் பிடித்தாள். இரண்டு கைகளும் போய்ச் சேர்ந்தன. சேர்ந்து, ஒன்றையொன்று தாண்டி, முழங்கை வரை போயின.

கத்தி தரையில் உரசும் சத்தம் கேட்டது. "இறங்கிடுச்சு! அடி வரைக்கும் இறங்கிடுச்சு!" என்று ஹம்மூத் கூவினான். அடுத்த வரிசையில்தான் விதாத் நசூஹின் காதருகே குனிந்தாள்.

"வெளியில சாப்பிட்டேன், வெளியில சாப்பிட்டேன்னீங்களே. எங்க சாப்பிட்டீங்க?"

"ஆடாம உக்காரு. கோணிடும்."

"எங்கன்னு கேக்கிறேன்."

அவள் கண்ணீரில் அவர் அங்கியின் முதுகு நனைந்தது. வரிசை வரிசையாகச் சோப்பு வெட்டுப்பட்டது. வெடித்த அந்தக் கைகள் ஒரு திருப்பத்திலும் பிடியைத் தளர்த்தவில்லை.

பாங்கு சொன்னபோது கடைசி வரிசையும் முடிந்திருந்தது. ஜலால் கயிற்றை விட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"முடிஞ்சுதுக்கா, இறங்குங்க" என்றான் ஹம்மூத்.

"அந்தச் சட்டியை எடுத்துட்டு வா தம்பி" என்றாள் விதாத். "இவர் தின்னு முடிக்கிறவரைக்கும் நான் கையை எடுக்க மாட்டேன்."