மாதம்மாள் அக்கா கட்டிய தூளி

போன திங்கட்கிழமை வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. எங்கள் தொடக்கப் பள்ளியின் சத்துணவுச் சமையலர் மாதம்மாள் அக்கா தருமபுரி ஆஸ்பத்திரியில் காலமாகிவிட்டார். பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் அவரை அறிந்த நீங்களெல்லாம் அழுதிருப்பீர்கள். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஐம்பத்தாறு வயதில் அவருக்கு அப்படி என்ன அவசரம்?

தினமும் காலையில் அரிசி அளக்கும் முன் வகுப்பு வாசலில் வந்து நிற்பார். எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்றுதான் சமையலர்கள் கேட்பார்கள். அக்கா, "யாரு டீச்சர் வரல?" என்பார். பெயரைச் சொன்னால் போதும், அடுப்பை உதவியாளரிடம் விட்டுவிட்டு அந்த வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்.

புளி உலுக்கும் மாதங்களில் பெற்றோர் காலையிலேயே தோப்புக்குப் போய்விடுவார்கள். கைக்குழந்தை என்றால் பால்வாடியிலும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அதைப் பார்த்துக்கொள்ள ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் வீட்டில் நின்றுவிடுவார்கள். அப்படித்தான் இரண்டாம் வகுப்பு பவித்ராவும் நின்றுபோனாள். ஒருநாள் அக்கா அவளைக் கையில் பிடித்துக்கொண்டு, அவள் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். தம் பழைய சேலையால் பள்ளி வராண்டாவில் தூளி கட்டினார். "தம்பி இங்க தூங்கட்டும். நீ உள்ள போய்ப் படி கண்ணு" என்றார். பார்த்துவிட்டு வேறு சில பிள்ளைகளும் தங்கை தம்பியோடு வர ஆரம்பித்தார்கள்.

ஆய்வுக்கு வந்த அதிகாரிக்குத் தூளி பிடிக்கவில்லை. "இதென்ன பள்ளிக்கூடமா? முதல்ல அதை அவிழுங்க" என்றார். தலைமையாசிரியையான நானே அவிழ்த்தேன். பயம்தான், வேறென்ன? இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது.

மறுநாள் பவித்ரா வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. அக்கா வழக்கம்போல வாசலில் வந்து நின்று, "யாரு டீச்சர் வரல?" என்றார். தெரிந்துகொண்டேதான் கேட்டார். பவித்ராவின் பெயரைச் சொன்னேன்.

"அந்த ஆபீசரு எப்பவோ ஒருக்கா வராருங்க. புள்ளைங்க தெனம் வரணுமில்ல? கேட்டா எம் மேல பழிய போடுங்க. மாதம்மா சொன்ன பேச்சு கேக்கமாட்டான்னு சொல்லிருங்க."

பழியை அவர் மேல் போட நான் யார்? மேசைமேல் ஏறித் தூளியைத் திரும்பக் கட்டினேன். அதிகாரி விளக்கம் கேட்டபோது, 'நான்தான் கட்டினேன்' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பவித்ரா இப்போது ஐந்தாம் வகுப்பு. தம்பி அடுத்த வருடம் ஒன்றாம் வகுப்பில் சேர்கிறான்.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அவர் கேட்ட கேள்வியைத்தான். நேற்று புதிய சமையலர் வந்து, "எத்தினி பேருங்க டீச்சர்?" என்றார். வராதவனின் பெயரை முதலில் சொன்னேன். வகுப்பை உதவி ஆசிரியையிடம் ஒப்படைத்துவிட்டு நானே அவன் வீட்டுக்குப் போய்க் கூட்டிவந்தேன்.

வராண்டாவில் இருக்கும் தேவையற்ற பொருள்களை அகற்றச் சொல்லி இந்த வாரம் மறுபடியும் கடிதம் வந்திருக்கிறது. தூளி அங்கேயேதான் இருக்கும். அவிழ்க்க வருகிறவர், உள்ளே தூங்கும் குழந்தையை வீட்டில் யார் பார்த்துக்கொள்வார்கள் என்று சொல்லிவிட்டு அவிழ்க்கட்டும்.